பதினெட்டாவது ஓட்டை

அந்தச் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது எண்பத்தெட்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சற்றுமுன் கடைக்கார பாய் ட்ரில்லை ஓட்டிக் காட்டினாரே, அந்தச் சத்தம் இல்லை. அது வெறும் காற்றில் ஓடுகிற சத்தம். சுவருக்குள் போகிற சத்தம் வேறு. முதலில் ஒரு சிணுங்கல். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு அடிக்குரல். செங்கல் விட்டுக்கொடுக்கிற இடத்தில் சட்டென்று ஓர் இறக்கம். நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நடுங்கின.

நீங்கள் உட்காருங்கள் அம்மா. குழாய் வாங்கத்தானே வந்தீர்கள்? பாய் எதிரே குடோனுக்குப் போயிருக்கிறார். எனக்காகத்தான் போயிருக்கிறார். இங்கே இருந்த மூன்று ட்ரில் மெஷினும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், எனக்குத்தான். ஏன், எழுபத்து நான்கு வயதில் ஒருத்தி ட்ரில் வாங்கக் கூடாதா? பாயும் இப்படித்தான் பார்த்தார். "எத்தனை வேலைக்கும்மா வேணும்? வீடு கட்டறீங்களா?" என்றார். ஒரே ஓர் ஓட்டை போட வேண்டும் என்றேன். "ஒரு ஓட்டைக்கா? நம்ம எலக்ட்ரீஷியனை அனுப்பறேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். வேண்டாம் பாய், நீடித்து உழைக்கிற மெஷினாக வேண்டும் என்றேன். "ஒரு ஓட்டைக்கு நீடிச்சு உழைக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத் தாடிக்குள் சிரித்துக்கொண்டார். சிரிக்கட்டும்.

எண்பத்தெட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹவுசிங் போர்டு காலனிக்குக் குடிவந்திருந்தோம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். சத்தம் வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் நெஞ்சில் வைப்பது போல. "அடடா" என்றார். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் அந்த 'அடடா' என் ரசத்துக்கு இரண்டு தரம் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்ததில்லை. அன்றைக்கு ஒரு சுவருக்குக் கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பெயர் அமலோற்பவம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ட்ரில் டீச்சர் என்றுதான் காலனியில் எல்லோரும் சொல்வார்கள். நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வது. உங்கள் பள்ளிக்கூடத்திலும் ட்ரில் பீரியட் இருந்திருக்கும். அவளுடைய அண்ணன் குவைத்தில் இருந்து ஒரு ட்ரில் மெஷின் கொண்டுவந்து கொடுத்திருந்தான், பச்சை நிறத்தில். ட்ரில் டீச்சர் வீட்டு ட்ரில் என்று காலனிப் பிள்ளைகள் பாட்டாகவே பாடும். என்னைவிட மூன்று வயது சின்னவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகி, இரண்டு கையாலும் அந்த மெஷினைச் சுவரில் அழுத்துவாள். தோள் அசையாது.

எங்கள் வீட்டுக்காரர் கோதண்டபாணி நில அளவைத் துறையில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தார். ஸ்கேல் இல்லாமல் கோடு இழுப்பார். மயிரிழை மாதிரி இருக்கும். பெண் பார்த்துவிட்டுப் போய் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் சரி என்று சொன்னேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பி.ஏ. தமிழ். ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். எத்தனையோ பேருடைய கையெழுத்தைப் படித்துக் கண் போயிருக்கிறது. அவருடையது மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுவேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பார்.

அப்படிப்பட்ட கை. ஆனால் ஓர் ஆணி அடிக்க வராது. அடித்தால் காரை பெயர்ந்து தரையில் கொட்டும். அதனால் கடிகாரம் மாட்ட வேண்டுமா, "தையல், ட்ரில்லுக்குப் போயிட்டு வரேன்" என்று என் பெயரைச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்புவார். கொஞ்ச நேரத்தில் அவள் முன்னால் மெஷினோடு வருவாள், இவர் பின்னால் வயரைத் தூக்கிக்கொண்டு வருவார். திருமண ஊர்வலம் மாதிரி இருக்கும். கடிகாரம். புத்தக அலமாரி. மாமியார் படம். திரைச்சீலைக் கம்பிக்கு நான்கு. என் புத்தக அலமாரியைக்கூட அவள்தான் மாட்டினாள். எண்ணியிருக்கிறேன். பதினேழு ஓட்டை. என் வீட்டில் தொங்குகிற எதுவும் அவள் கை படாமல் தொங்கவில்லை.

அவர் கேள்வி கேட்பார், அவள் சொல்வாள். நான் காபி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். "எப்பவாவது எடுக்கறவங்களுக்கு வயர் வச்சதுதான் சார் சரி. பேட்டரி மெஷின் சும்மா கிடந்தே செத்துப்போகும். நமக்கு வேணுங்கிற அன்னிக்கு உயிர் இருக்காது." அது பின்னாளில், பேட்டரி மெஷினெல்லாம் வந்தபோது சொன்னது. உள்ளே பல்சக்கரம் இரும்பில் இருக்க வேண்டும். சுற்றிக்கொண்டே சுத்தியல் மாதிரி அடிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் ஏறாது. பிட் என்கிற துளைக்கும் கம்பியைப் பிடிக்கிற வாயைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும், ஆட்டம் இருந்தால் வாங்கக் கூடாது. மோட்டாருக்குள் உரசுகிற கார்பன் கட்டை தேய்ந்தால் நம் ஊரிலேயே மாற்றுக் கார்பன் கிடைக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மூக்கருகில் கொண்டுபோனால் சூடு இருக்கலாம், தீய்ந்த வாடை வரக் கூடாது.

பாயிடம் இதையெல்லாம் சொன்னேன். அசந்துபோய்விட்டார். "எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார். பொதுவாகத் தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

மூன்று மெஷினை ஓட்டிக் காட்டினார். முதலாவது கொசு மாதிரி கத்தியது. இரண்டாவதில் எங்கோ ஒரு பல் இடறுகிறது. பாய்க்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. மூன்றாவது பச்சை நிறம். ஓட்டினார் பாருங்கள். அதே அடிக்குரல். "இதுதாம்மா. முப்பது வருஷம் பேசாம உழைக்கும். வாங்கினவங்க யாரும் திரும்பி வந்ததில்லை" என்றார். பச்சை வேண்டாம் என்றேன். "கலர்ல என்னம்மா இருக்கு?" என்றார். கலரில் என்ன இருக்கிறது என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது? வேறு நிறம் இருந்தால் பாருங்கள் என்றேன். அதற்குத்தான் குடோனுக்குப் போயிருக்கிறார்.

எதற்கு ஓட்டை என்று கேட்கிறீர்கள். எங்கள் வீட்டுக்காரர் படம் மாட்ட. வருகிற வியாழக்கிழமை முதல் வருடத் திதி. பதினோரு மாதமாகப் படம் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறது. நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி. பையன் புனேயில் இருக்கிறான். போன தடவை வந்தபோது ஒட்டுகிற கொக்கி ஒன்றை ஒட்டி மாட்டிவிட்டுப் போனான். அவன் ரயில் விழுப்புரம் தாண்டுவதற்குள் படம் கீழே விழுந்து கண்ணாடி விரிந்துவிட்டது. புதுக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறேன். திதிக்கு வருகிறவர்கள் முன்னால் அவர் சுவரில் இருக்க வேண்டும். அந்த ஓட்டையையாவது அவள் போட்டதாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது. பெரிய ஆசையா இது?

பொறாமை என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. வீட்டில் மாட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அப்படியிருக்க, ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, "தையல், ட்ரில்லுக்குப் போயிட்டு வரேன்" என்றார். யார் வீட்டிலாவது ஓட்டை போட வேண்டியிருக்கும் போல என்று நினைத்தேன். முக்கால் மணி கழித்து வந்தார். மெஷின் இல்லை. அவளும் வரவில்லை. மறுநாளும் ட்ரில்லுக்குப் போனார். அதற்கு மறுநாளும். ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவிர. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கோயில்.

மெஷினே எடுக்காமல் ட்ரில்லுக்குப் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? "என்ன, இன்னிக்கும் யார் வீட்லயோ ஓட்டையா?" என்று கேட்டேன். "ம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த 'ம்'மைக்கூடச் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார். சுவரில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் காதைக் கொடுத்துக்கூடக் கேட்டிருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, இனி உங்களை எங்கே பார்க்கப்போகிறேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று அவள் எண்ணுவது கேட்கும். தொப் தொப்பென்று ஏதோ விழும். நடுவே இவர் சிரிப்பார். நாலு பேர் நடுவில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. உள்ளே இருந்து வருகிற சிரிப்பு. அதை நான் அடிக்கடி கேட்டதில்லை.

வீட்டில் மனிதர் சுருங்கிக்கொண்டே வந்தார். "காபி பாதி டம்ளர் போதும்" என்றார். அதையும் நான் அடுப்படிக்குத் திரும்பிய பிறகுதான் எடுப்பார். எழுதுவதை விட்டுவிட்டார். வங்கிப் படிவத்தைக்கூட என்னிடம் நீட்டி, "கண் சரியில்ல, நீயே நிரப்பு" என்றார். கல்யாண வீடுகளுக்கு வர மாட்டேன் என்றார். அவள் வீட்டில் போய்ப் பேசிச் சிரித்துவிட்டு, இங்கே வந்து கையை மடியில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கவனிக்காதது எதுவும் இல்லை. எதையும் விடவில்லை.

அவர் அப்படி இருக்கிறவரே இல்லை. கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என் பேச்சு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். என் தங்கை வீட்டுக்காரருக்குக் கை நடுங்கும், பாவம். ஒரு பந்தியில் அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "சட்டைக்கு சாம்பார் ஊட்டறார் பாருங்க" என்றேன். வரிசையே சிரித்தது. இவரும் சிரித்தார், நன்றாக நினைவிருக்கிறது. இலையில் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு வயிறு சரியில்லை.

அது அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்ததற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது. எதற்குச் சொன்னேன்? ஆமாம், அவர் எவ்வளவு கலகலப்பானவர் என்பதற்குச் சொன்னேன்.

அப்புறம் ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்தார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார் டாக்டர். நீட்டினார். அம்மா, அந்த விரல்கள். மழை விழுகிற இலை மாதிரி. "எத்தனை வருஷமா இருக்கு?" என்றார் டாக்டர். "ஆறு" என்றார் இவர். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ். டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்றார்.

மறுநாள் ஐந்து மணி. மனிதர் மெதுவாக எழுந்து செருப்பைத் தேடுகிறார். "தையல், ட்ரில்லுக்கு..." என்று ஆரம்பித்தார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "இந்தக் கையை வச்சுக்கிட்டு எந்தச் சுவத்துல ஓட்டை போடப் போறீங்க? போதும், உக்காருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் வந்து வாசலில் நின்றாள். "சார் ஏன் வரல அக்கா?" என்றாள். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். போய்விட்டாள்.

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். ஊட்டினேன், குளிப்பாட்டினேன். ஆனால் கை சீக்கிரம் மோசமாகிவிட்டது. அப்புறம் கால். பதினான்கு மாதம்தான் இருந்தார். அந்த நோய் அப்படி.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அவள் வந்தாள். கையில் அந்த மெஷின் பெட்டி. நான் உட்காரச் சொல்லவில்லை, அவளே உட்கார்ந்தாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போவதாகச் சொன்னாள். அப்புறம் பெட்டியைத் திறந்து, மெஷின் பக்கத்தில் இருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்துத் தரையில் வைத்தாள். சின்னது, சிவப்பு. ஓர் இடத்தில் விரல் பதிந்து பதிந்து நிறம் போயிருந்தது.

"சாரோட பந்து அக்கா. ட்ரில்லுக்கு வரும்போது இதைத்தான் பிடிப்பார். முதல்ல பத்து எண்ணறதுக்குள்ள நழுவிடும். கடைசில நாற்பது வரைக்கும் பிடிச்சார். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? இருபத்தாறு வருடம் ஊரார் எழுத்தில் பிழை பார்த்தவள். என் வீட்டில், தினம் ஐந்து மணிக்கு, ஒரே ஒரு சொல். அதைத் தப்பாகப் படித்திருக்கிறேன். அவர் ட்ரில் என்றால் ட்ரில். கை கால் அசைக்கிற ட்ரில். நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வது.

"பழகினதை விட்டதும்தான் சாருக்குக் கஷ்டமாயிருக்கும். நான் வந்து பண்ணி விட்டிருப்பேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவளுக்குக் காபி கொடுத்தேன். முழு டம்ளர். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. பிறகென்ன, தப்பில்லையே, சந்தேகம் தீர்ந்ததே என்று. தீரவில்லை அம்மா. வேறு மாதிரி இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவளுடைய தோள் பிடித்திருந்தது, சிரிப்பு பிடித்திருந்தது என்றால் ஆண்பிள்ளை புத்தி என்று விட்டிருப்பேன். அவர் அந்த நடுங்குகிற கையைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டியிருக்கிறார். என்னிடமிருந்து மடியில் ஒளித்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வருடம் கூட இருந்தவள் நான். எனக்குக் கொடுக்காத ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இன்று வரை பிடிபடவில்லை. நான் அவரை என்ன சொல்லிவிட்டேன்?

பந்தை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுதான் இருந்தேன். தலையணைக்கடியில் இருக்கிறது.

போகும்போது, "சார் படம் மாட்டணுமே, நான் மாட்டித் தந்துட்டுப் போகட்டுமா?" என்றாள். "வேண்டாம்" என்றேன். "அப்ப மெஷினாவது இருக்கட்டும். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, கார்பன் ரெண்டு தரம் மாத்தினேன், வயர் ஒரு தரம். இன்னும் ஓடும்" என்று கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

ஆமாம். இருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறது. எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள்? வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு இன்னொரு மெஷின் வாங்க வந்திருக்கிறேன். அவள் மெஷினால் அவரைச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் எடுத்து ஓட்டிப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. டம்ளர்கள் நடுங்கின. அதில் மாட்டியிருந்த எட்டு எம்எம் பிட் முனை மழுங்கிக் கிடந்தது. என் வீட்டுப் பதினேழு ஓட்டையும் போட்ட பிட்.

இதோ, பாய் வந்துவிட்டார். நீல நிறப் பெட்டி.

ஓட்டுங்கள் பாய்.

கேட்டீர்களா அம்மா? உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். அதே அடிக்குரல். என்ன பாய் இது, அந்தப் பச்சையேதானே இது?

"அதே மெஷின்தாம்மா. கம்பெனி இப்ப நீலத்துலயும் போடறான். உள்ள எல்லாம் அதேதான், மேல சட்டைதான் வேற. வயர் வச்சு, நீங்க கேட்ட மாதிரி இரும்புப் பல்லு, சுத்தியல் அடி எல்லாம் வேணும்னா நீங்க எங்க சுத்தினாலும் இங்கதான் வந்து நிப்பீங்க."

பார்த்தீர்களா. எங்கே சுற்றினாலும்.

பாய், அதை உள்ளே வையுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அலைய வைத்துவிட்டேன். மெஷின் வேண்டாம். சுவருக்குப் போடுகிற எட்டு எம்எம் பிட் ஒன்று கொடுங்கள். நல்லதாக. நீடித்து உழைக்கிறதாக. அதற்கு ஓட்டைக்குள் செருகுகிற பிளக் ஒன்று, ஒரு திருகு.

ஏனம்மா சிரிக்கிறீர்கள்? மெஷின் அவளுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே நின்று சத்தம் போடுவதுதானே மெஷின். சுவருக்குள் போவது பிட்தான். அது என்னுடையது. பதினெட்டாவது ஓட்டையை நான் போடுவேன். கோணலாகப் போனாலும் சரி. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அவளா? திண்டுக்கல் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கிற பதினோரு கிழவிகளுக்கும் ட்ரில் எடுக்கிறாள்.